நல்ல சவரக்கத்திக்கு எங்கே போவது?

கேள்வி: எனக்கு வயது 34. தாடி மயிர் முரடு, சுருண்டு வளரும். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த ரேசர்களைப் போட்டால் கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளம் கிளம்புகிறது. தோல் மருத்துவர் ஒற்றை பிளேடுக்கு மாறச் சொன்னார். என் தாத்தா கடைசிவரை மடக்குக் கத்தியில்தான் சவரம் செய்துகொண்டார். அவர் போன பிறகு அந்தக் கத்தி எங்கே போயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதுபோல ஒன்று வாங்கலாம் என்று சிதம்பரத்திலும் கடலூரிலும் கேட்டேன். எல்லாரும் பிளேடு மாட்டும் கத்தியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சென்னையில் சலூன் சாமான் விற்கும் மொத்தக் கடையில், “அதெல்லாம் வர்றதே இல்ல சார்” என்றார்கள். கடைசியில் இணையத்தில் 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருக்கிறது, ஆனால் முகத்தில் வைத்தால் மயிரைப் பிடித்து இழுக்கிறது. நல்ல கத்தி எங்கே கிடைக்கும்? பழையது வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

– வாசகர், சிதம்பரம்

பதில்: தம்பி, நீங்கள் வாங்கியது சவரக்கத்தி இல்லை, சவரக்கத்தியின் உருவத்தில் செய்த ஒரு தகடு. மெத்தென்ற துருப்பிடிக்காத எஃகை அச்சில் வெட்டி, சக்கரத்தில் மினுக்கி, பிடி மாட்டி அனுப்புகிறார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒன்றை வாங்கி, மூன்று நாள் கல்லில் போட்டுத் தேய்த்திருக்கிறேன். காலையில் ஏறிய கூர் மாலைக்குள் மடங்கிவிடும். எஃகுக்கே வலுவில்லாதபோது கல் என்ன செய்யும்? அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

தோல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு மயிரை இழுத்துப் பிடிக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறது. சுருண்ட மயிர் திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். உங்கள் கழுத்துக் கொப்புளத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். உங்கள் மருத்துவர் சொன்னது சரி. ஆனால் சலூனில் இருக்கும் அரை பிளேடு கத்தியும் ஒற்றை பிளேடுதான், பழைய இரட்டை விளிம்பு சேஃப்டி ரேசரும் அப்படித்தான். தோலுக்கு மட்டும் என்றால் அவையே போதும். தாத்தா பிடித்ததுபோல ஒரு கத்தியைப் பிடிக்க வேண்டும், அதைத் தீட்டக் கற்க வேண்டும், பிறகு பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தெரிகிறது.

கடையில் ஏன் இல்லை என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்றும் தெரிந்துவிடும். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தில் ‘சலூனில் புது பிளேடு கேளுங்கள்’ என்பது ஊர் ஊராகப் போனது. ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தக் கறையில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஒரே கத்தியை ஆள் மாற்றி ஆள் முகத்தில் வைப்பது தகாது என்று தொழிலாளர்களே ஏற்றுக்கொண்டு மாறினார்கள். அது சரியான மாற்றம். பல வருடம் பழகிய கைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஊர் யோசித்துப் பார்க்கவில்லை. கத்தி போனதோடு, தீட்டுகிற வித்தையும் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றுவிட்டது. ஆனால் கத்திகள் எல்லாம் உலைக்குப் போகவில்லை. அடப்பப் பெட்டியிலும் பரணிலும் தகர டிரங்கிலும் கிடக்கின்றன.

ஆகையால் முதலில் கடைக்குப் போகாதீர்கள், ஆளைத் தேடிப் போங்கள். உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய சலூன்காரர் யார் யார் என்று விசாரியுங்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், உட்கார்ந்து பேசுங்கள். ‘பழைய கத்தி இருந்தா குடுங்க’ என்று எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதை இல்லை. அவருக்கு அது தொழில் செய்த கை. எந்தக் கத்தி வைத்திருந்தார், எந்தக் கல்லில் தீட்டினார் என்று கேளுங்கள். எனக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்த பெரியவர், கல்லில் முடித்த கத்தியைத் தோல்வாரில் இழுத்துவிட்டு, கடைசியாக உள்ளங்கையிலும் நாலு முறை இழுப்பார். அந்தக் கடைசி நாலு இழுப்பில் கத்தியின் குணம் கைக்குத் தெரிந்துவிடும் என்பார். இதெல்லாம் கேட்கிறவன் கிடைத்தால்தான் வெளியே வரும். கத்தி தர மனமிருந்தால் விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். பழைய இரும்புக்கடை விலை பேசுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. வெறும் கத்தியை வாங்கிவராமல், இரண்டு மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து தீட்டவும் கற்றுக்கொள்ள முடிந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது பழம்பொருள் கடைகள். சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட சாமானுக்கு அங்கேதான் போவார்கள். 1985-இல் அது எரிந்துபோனது. இன்றைக்கு நமக்கு நல்ல இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டித்தொழில் செய்த செட்டிநாட்டு வீடுகளுக்கு ஐரோப்பியச் சாமான்கள் நிறைய வந்தன. வீடு பிரித்து விற்கும்போது அவை அந்தத் தெருவுக்கு வருகின்றன. பித்தளைச் சாமானுக்கும் எனாமல் தட்டுக்கும் நடுவில் கேட்டுத்தான் தேட வேண்டும். புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உங்களுக்கு இன்னும் பக்கம். மும்பைக்குப் போக நேர்ந்தால் சோர் பஜாரை விடாதீர்கள். ஒரே நடையில் கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான்கு முறை வெறுங்கையோடு திரும்பி, ஐந்தாம் முறை கிடைக்கிற பொருள் இது.

கையில் ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் கவனம் வேண்டும்.

முதலில் அலகின் அடிக்காம்பைப் பாருங்கள். ஆணிக்கும் அலகுக்கும் நடுவில் எழுத்து குத்தியிருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா ஆகிய நான்கு ஊர்ப் பெயர்களில் ஒன்று இருந்தால் மேலே பார்க்கலாம். சோலிங்கன் பெயருக்கு ஜெர்மனியில் 1938-லேயே தனிச்சட்டம் உண்டு. முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த ஊர் வட்டாரத்தில் நடந்த பொருளுக்கு மட்டும்தான் அந்தப் பெயரைப் போடலாம். அதனால் ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்று மட்டும் போட்டு, ஊர் பெயரையும் செய்தவர் பெயரையும் விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். கைகோத்த இரட்டையர் உருவம் இருந்தால் அது ஹெங்கெல்ஸ். அந்த முத்திரை 1731-இல் பதிவானது. நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்திருந்தால் ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ்.

வயதையும் ஓரளவு எழுத்திலிருந்தே சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சரக்கு ஷெஃபீல்டு பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறது என்று ஆங்கிலேயர் புகார் செய்ததில், 1887-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. செய்த நாட்டின் பெயரைப் போட வைத்தது அதுதான். இந்தியாவிலும் 1889-இல் அதே மாதிரிச் சட்டம் போட்டார்கள். ‘ஜெர்மனி’ என்று நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில் செய்தது. முகம் மழிக்க இதெல்லாம் தேவையில்லைதான். ஆனால் நூறு வருடப் பழமை என்று சொல்லி இரட்டை விலை கேட்கும்போது உதவும்.

சிதம்பரத்துக்காரர் ஒருவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், கம்பெனி அரசின் மதராஸ் சேவையில் இருந்தவர். உருக்கு வார்க்கும்போது மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் அவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டின் வார்ப்பு உருக்கு மலிவானதில் அந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு. பலன் ஊருக்குப் போனது, ஹீத் வழக்குகளில் நொடிந்துபோனார். அதற்கும் முன்னால், லண்டனில் அறுவைக் கருவியும் சவரக்கத்தியும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், நம் நாட்டு ‘ஊட்ஸ்’ உருக்கே ஐரோப்பிய உருக்கைவிட மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்து வைத்திருந்தார். மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து அந்த உருக்கை ஆராய்ந்து, 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டார். அந்தச் சோதனைகளில் பிறந்த கலவை உருக்கில் கத்தி செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார். வெள்ளியைத் துளியளவு சேர்த்துப் பார்த்ததும் அப்போதுதான். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ‘சில்வர் ஸ்டீல்’ என்று குத்தியிருப்பதைப் பார்த்தால் அந்தக் கதை நினைவுக்கு வரட்டும்.

எழுத்து நல்ல எழுத்தாக இருந்தும் கத்தி செத்திருக்கலாம். அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் துருப்புள்ளி இருந்தால் கவலையில்லை. கூர் விளிம்பை ஒட்டி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். தீட்டத் தீட்டப் புதுக்குழி வெளியே வந்து, விளிம்பு பல் பல்லாக உதிரும். சிறிய பல் விழுந்திருந்தால் தீட்டி எடுத்துவிடலாம். மயிரிழை விரிசல் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அலகில் எங்காவது நீலமோ பழுப்போ பூத்திருந்தால், யாரோ சாணைச் சக்கரத்தில் வைத்துச் சூடேற்றிவிட்டார்கள் என்று பொருள். அந்த இடம் பதம் இழந்து இளகிவிட்டது, திரும்ப வராது.

பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கத்தியைப் படுக்க வையுங்கள். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கண்ணாடியைத் தொட வேண்டும். திருப்பிப் போட்டும் பாருங்கள். ஆடினால் அலகு முறுக்கியிருக்கிறது. புதிதாகத் தீட்டப் பழகுகிறவருக்கு அது வேண்டாம். முதுகின் இருபுறமும் கல் பட்டுத் தேய்ந்த பட்டை தெரியும். அது மெல்லியதாக, இருபுறமும் ஒரே அகலத்தில் இருந்தால் நல்ல கையில் இருந்த கத்தி. ஒருபுறம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். சவரக்கத்தியில் முதுகுதான் தீட்டும் கோணத்தைத் தருகிறது. முதுகையும் விளிம்பையும் கல்லில் சேர்த்து வைத்து இழுப்பதால் கோணம் தானாக அமையும். அலகின் அகலம் முதுகின் கனத்தைப்போல மூன்றரை மடங்கு இருந்தால், கோணம் சுமார் 16 பாகைக்கு வரும். 16 மில்லிமீட்டர் அகலத்துக்கு நாலரை மில்லிமீட்டர் கனம். அங்குலத்தில் எட்டில் ஐந்து என்பார்கள், பழகுகிறவருக்கு இதுவே நல்ல அளவு. நீங்கள் வாங்கிய தகட்டை இப்படி அளந்து பாருங்கள், விஷயம் புரியும்.

பிடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் தந்தப் பிடி உண்டு. விற்கிறவர் அதைச் சொல்லித்தான் விலையை ஏற்றுவார். தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தியபோது ஆப்பிரிக்கத் தந்தமும் தடைக்குள் வந்துவிட்டது. கத்தி எவ்வளவு பழசானாலும் அதை வாங்குவது குற்றம். கொம்பு, எலும்பு, மரம், பேக்கலைட் எதுவானாலும் சரி. செல்லுலாய்டு பிடி வெளுத்து, மொறுமொறுத்து, சூடன் வாசனையைவிடக் காரமான நெடி அடித்தால், அதன் ஆவியே அலகை அரித்துவிடும். அலகு நன்றாக இருந்தால் பிடியை மட்டும் மாற்றலாம், தச்சரிடமே செய்துகொள்ளலாம்.

புதியது வேண்டும் என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். சோலிங்கனில் டோவோ, போக்கர், தியேரில் தியேர்-இஸார் இன்றும் செய்கிறார்கள். நல்ல கத்தி 100 யூரோவுக்கு மேல், அதற்கும் மேல் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். அதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சீனாவின் கோல்டு டாலர் மலிவு. எஃகு நன்றாகவே இருக்கும், அரைத்த விதத்தில் சீர் இருக்காது. தீட்டத் தெரிந்தவர் திருத்திக்கொள்வார், உங்களுக்கு இப்போது வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு என்றாலே மட்டம் என்றும் இல்லை. ஹெங்கெல்ஸின் ‘ஃப்ரியோடுர்’ கத்திகள் அந்த வகைதான், மிக நல்லவை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும்.

எந்தக் கத்தியானாலும் வந்த அன்றே முகத்தில் வைக்காதீர்கள். பழைய கத்தியைச் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகத் தேய்த்து, துருவின் இடுக்கெல்லாம் சுத்தம் செய்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறப்போடுங்கள். பிளீச்சிங் வேண்டாம், எஃகை அரிக்கும். அதன்பிறகு அது உங்கள் ஒருவருடைய கத்தி. வீட்டில் தம்பிக்கும் மாமாவுக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

இனிக் கூர். தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர் கை நல்ல கைதான், ஆனால் அந்தச் சக்கரம் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் உரியது. மெல்லிய அலகு ஒரே சுற்றில் வெந்துவிடும். அரிவாள்மனை தீட்டும் கல்லும் வேண்டாம். தண்ணீர் விட்டுத் தீட்டும் தட்டைக் கல் வேண்டும். கூர் அடியோடு மழுங்கியிருந்தால் 1000 எண்ணில் தொடங்கி, 4000, 8000, முடிந்தால் 12000. இவை இணையத்தில் கிடைக்கின்றன. கத்திக்குக் கொடுத்த அளவு பணம் கல்லுக்கும் ஆகும் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கல் வாங்காமல் கத்தி வாங்கியவர்கள்தான் பழைய கத்தி வெட்டாது என்று ஊரெல்லாம் சொல்கிறவர்கள்.

தீட்டும்போது விளிம்பு முன்னே போக வேண்டும், முதுகு கல்லை விட்டு எழும்பவே கூடாது. கை கனம் கொடுக்காமல், கத்தியின் சொந்த எடையே அழுத்தட்டும். 1000 எண் கல்லில் வேலை முடியும்வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். குனையிலிருந்து அடிவரை விளிம்பு முழுக்கவும் கை மயிரைச் சிரைக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரற்கடை இடம் சிரைக்காவிட்டாலும் அந்தக் கல்லிலேயே நில்லுங்கள். மேலே உள்ள கற்கள் விளிம்பை வழவழப்பாக்குமே தவிர, இல்லாத கூரைக் கொண்டுவராது.

தோல்வாருக்கு மட்டும் நீங்கள் வெளிநாட்டுப் பக்கம் பார்க்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டது நெடுங்காலத்து வழக்கம். இன்றும் ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் கிடைக்கும். குரோமில் பதனிட்ட, பிளாஸ்டிக் பூச்சு போட்ட செருப்புத் தோல் வேண்டாம். மூன்று அங்குல அகலம், இரண்டடி நீளத்துக்குத் தழும்பில்லாத துண்டாக வெட்டி வாங்குங்கள். வாரில் முதுகு முன்னே போக வேண்டும், கல்லில் போனதற்கு நேர்மாறு. திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் ஐம்பது அறுபது இழுப்பு. அப்படிச் செய்தால் மாதக்கணக்கில் கல்லைத் தொட வேண்டியதில்லை.

கடலோரக் காற்று உங்களுக்குப் பகை. கார்பன் எஃகு சிதம்பரத்து ஈரத்தில் ஒரே இரவில் புள்ளி விழும். சவரம் முடிந்ததும் துடைத்து, பிடிக்குள் மடக்காமல் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள். குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் தாத்தாவின் கத்தியை வீட்டில் இன்னொரு முறை தேடுங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டி, பரணில் இருக்கும் பழைய பித்தளைப் பாத்திரங்களின் உள்பக்கம், பத்திரங்கள் வைத்த தகரப் பெட்டி, தாத்தாவின் கண்ணாடிக்கூடு. அத்தைமார்களிடமும் கேளுங்கள், அப்பாவின் நினைவாக யாராவது எடுத்துப்போயிருப்பார்கள். கிடைத்தால் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்துவிட்டு, அடிக்காம்பில் இருக்கும் எழுத்தையும் முதுகின் இருபுறத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.